அளவு பார்க்கப் போட்ட சட்டை

புவனகிரிக்குக் கிழக்கே, வெள்ளாற்றங்கரையில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தரச் சொல்லி ஒரு தொகை வந்தது. வசதியுள்ள பிள்ளைகள் எப்போதும்போலத் தங்கள் துணியிலேயே வரலாம். பாதி சர்க்கார் பணம், மீதி ஊரார் நன்கொடை. ஆனால் தலைமை ஆசிரியர் உத்திராபதி பேசிக்கொண்டு திரிந்ததைக் கேட்டவர்கள், மனுஷன் பெண்டாட்டி நகையை அடகு வைத்துக் கொடுத்தார் என்றே நினைத்திருப்பார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உடைக்கிற பெருமை அவருக்கு. தேங்காய் சுமக்கிற வேலை தைலம்மாள் டீச்சருக்கு.

தைலம்மாள் தற்காலிக ஆசிரியை. டிப்டி இன்ஸ்பெக்டர் சுப்பராயலு நல்லபடியாகக் குறிப்பு எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் கடலூரில் படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு மருந்தும் கிடையாது, கஞ்சியும் கிடையாது. அதனால் அவளே சிதம்பரம் போய், கடைக்காரர் எரிச்சல்படும் வரை பேரம் பேசி, நீலத்திலும் வெள்ளையிலும் துணி எடுத்து, பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளூர்த் தையற்காரர் முஹம்மது யூசுப், வளர்கிற பிள்ளைகள் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே தைத்தார். மார்கழிப் பிறப்பன்று சீருடைகளைக் கொடுத்தும் ஆயிற்று.

மார்கழி முடிகிற வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். சீருடை வாங்கிய பிள்ளைகள் எழுந்து நிற்கட்டும் என்றார்.

எழுந்தார்கள். ஒருத்தி சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. ஒருவன் கால்சட்டையில் பின்பக்கம் காற்றோட்டம். அத்தனை பேரிலும் நீலமும் வெள்ளையுமாக நின்றவன் தேவசகாயத்தின் மகன் அந்தோணி ஒருவன்தான்.

இன்ஸ்பெக்டர் அந்தோணியைப் பார்த்தார். பிறகு டீச்சர் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்.

"ஒங்க ஆளுங்களுக்கு மட்டுந்தானா டீச்சர்?"

அதுவரை சீருடைத் திட்டமே தன் மூளையில் உதித்ததுபோலப் பேசிக்கொண்டிருந்த உத்திராபதி, சட்டென்று இரண்டடி தள்ளி நின்று, இதெல்லாம் டீச்சரின் முழுப் பொறுப்பு என்றார். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சுவரில் கடிகாரமும் மேசையில் மணியும் கொடுத்து வைக்கிறது உலகம்.

டீச்சர் சின்னையன் மகள் பொன்னியைக் கூப்பிட்டு விசாரித்தாள். துணி பத்திரமாக வீட்டில் இருக்கிறதாம், பொங்கலுக்காக. அஸ்மத்தைக் கேட்டால் பெருநாளுக்காக. அந்த வருஷம் பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒட்டி ஒட்டி வந்தன. அந்தோணிக்குக் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. அவன் பண்டிகைக்குப் போட்டதைப் பள்ளிக்கூடத்துக்கும் போட ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

பெற்றவர்களுக்கு ஆள் போயிற்று. சின்னையன் மகளின் துணியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல வந்தார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. அஸ்மத்தின் வாப்பா அப்துல் மஜீத், பெட்டியோடு கொண்டுவந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஆனால் பொட்டலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது, பிள்ளைகள் உடுத்தியதைப் பார்த்தால்தான் போடலாம், அதுதான் விதி என்றார்.

சின்னையன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"புதுத்துணிய நாளு கெழம இல்லாம உடுத்தக் கூடாதுங்க. பள்ளிக்கூடம் தெனந்தான் இருக்குது. பொங்கல் வருசத்துக்கு ஒருவாட்டிதான வருது?"

மஜீத், பிறை தெரியாமல் தாம் எப்படிப் பெருநாள் கொண்டாடுவது என்று கேட்டார். டீச்சர் கெஞ்சினாள். தன் வேலை போய்விடும் என்றாள். சொல்லும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. சின்னையனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கலை இழுத்து முன்னால் போட அவரால் ஆகுமா?

தம் தையலுக்குப் பழுது வந்ததோ என்று பயந்து ஓடிவந்திருந்த யூசுப், கழுத்தில் கிடந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னையனிடம் திரும்பினார்.

"மச்சான், அளவு பாக்கப் போட்டா அது உடுத்துனதா ஆவாது. எந்தப் பண்டிகைக்கும் மின்ன ஒருவாட்டி போட்டுப் பாக்குறதுதான?"

சின்னையன் யோசித்தார். ஊர் முழுக்கச் செய்கிற காரியம்தான். மஜீத்தும் தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் எழுந்து நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் நீலமும் வெள்ளையும். கைகள் சட்டைக்குள் காணாமல் போயிருந்தன. பாவாடைகள் தரையைப் பெருக்கின. யூசுப் ஒவ்வொரு பிள்ளையாக டேப்பை வைத்து, யாரும் குறித்துக்கொள்ளாத அளவுகளை உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் சீருடைகள் கழன்று, மடிந்து, பொட்டலத்துக்குள் போய்விட்டன. டீச்சருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

புறப்படும்போது இன்ஸ்பெக்டர் பொன்னியிடம், பொங்கல் கழிந்ததும் தினமும் போட்டுக்கொண்டு வருவாய்தானே என்று சும்மா கேட்டார்.

"மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"பொங்கலுக்குப் போட்டா புதுப்பாவாடை சார். இங்க போட்டா தர்மப் பாவாடை. அந்தோணிய எல்லாரும் தர்மச் சட்டைன்னுதான் கூப்புடுறாங்க."

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினார். தைலம்மாளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பேரம் பேசிப் பேசி, அத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் முத்திரை அல்லவா வாங்கி வந்திருக்கிறோம் என்று அன்று முழுக்க மனசு அறுத்தது.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷமும் பணம் வந்தது, உத்திராபதியும் வழக்கம்போலப் பேசித் திரிந்தார், இன்ஸ்பெக்டரும் வந்தார். வகுப்பில் பூப்போட்ட பாவாடை, கட்டம் போட்ட சட்டை, பச்சை, அரக்கு என்று ஆளுக்கொரு துணி. பொன்னி சோளப்பூ நிறப் பாவாடையில் முதல் வரிசையில், மிராசுதார் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார்.

"இதுல ஏழைப் புள்ளைங்க யாருன்னே தெரியலியே டீச்சர்?"

"தெரியக் கூடாதுன்னுதான் சார் எடுத்தேன்."

அவர் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து, சீருடை அனைவருக்கும் வழங்கப்பட்டுள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.