வயர்லெஸ்காரர் வீட்டு வண்டி

ஐஸ் பெட்டியின் ஒயர் பிளக் பாயிண்டை எட்டவில்லை. பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்று, "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இருக்காக்கா?" என்று கேட்டான். அந்த வீட்டில் ஒயர், பிளக், ஸ்க்ரூ என்று எதுவானாலும் கேட்கவேண்டிய ஆள் ஒருவர்தான். அவரோ பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தார். "அய்யா, பாக்ஸ எங்கன வச்சீக?" என்று அவரையே கேட்க மகள் மாரிச்செல்வி வாயெடுத்துவிட்டாள். நல்லவேளை, உதட்டோடு நின்றது.

அபிராமம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் முன்னறைதான் ராமசுப்பிரமணியனின் பட்டறை. மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் எல்லாம் வயிற்றைத் திறந்தபடி கிடந்தன. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த மனிதர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். மேசைக்கடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. மேசைமேல் அவருடைய பட்டன் போன் சார்ஜில் கிடந்தது. மாரிச்செல்வி இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

போனில் மொத்தமே பத்துப் பதினைந்து பேர்தான். அதில் ஒன்று, 'பாம்பன் சூசை வீடு'. அந்த எண்ணை அய்யா வைத்திருந்தாரே தவிர, ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன் காளீஸ்வரனைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, பாம்பனுக்கு ஒரு வார்த்த சொல்லணும்ல?"

"எதுக்கு?"

"எதுக்கா? அவுகளுக்காகத்தான..."

"அவுகளாலதான். அத மாத்திச் சொல்லாத." அவன் குரலைத் தணித்தான். "சொன்னா கூட்டமா வருவாக. பின்னாடியே பேப்பர்காரன் வருவான். பழச எல்லாம் கிண்டுவான். எனக்கு அடுத்த மாசம் பிரமோஷன் வருது செல்வி. இன்னார் மகன்னு ஆபீஸ்ல இப்பத்தான் மறந்திருக்காக. கும்புட்டுக் கேக்குறேன், விட்டுரு."

பெரியப்பா சேதுராமன் தன் மண்டியின் மிளகாய் வத்தல் நெடியோடு பக்கத்தில் வந்து நின்றார். "அவன் சொல்றதுதான் சரி ஆத்தா. சாயங்காலம் வெளிச்சத்தோட எடுத்துருவோம். சொந்தபந்தம் போதும்."

மாரிச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். கனகலட்சுமி பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வியும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

ராமசுப்பிரமணியன் ஒரு காலத்தில் கடற்கரையில் அரசாங்க வயர்லெஸ் அறையில் இருந்தவர். படகுகளோடு பேசுவது, மேலே இருந்து வரும் உத்தரவை வாங்கி உரியவர்களுக்குக் கொடுப்பது, இதுதான் வேலை. காதில் விழுந்ததை வெளியே விடமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டவரும் இல்லை. சோறு போடும்போது கனகலட்சுமி, "இன்னைக்கு என்ன சேதி?" என்று கேட்டால், "ரசம் நல்லாருக்கு" என்பார். அப்படி ஓர் அழுத்தக்கார மனிதர்.

மாரிச்செல்வி காலேஜில் சேர்ந்த வருஷம் அது. சூறைக்காற்றில் ஒரு விசைப்படகு கவிழ்ந்து நாலு பேரைக் காணவில்லை. இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, போதும், நிறுத்து என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சரி, நிறுத்துவதற்கு அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். வீட்டுக்காரர்களிடம் மட்டும் தேடுதல் நடக்கிறது என்றே சொல்லிவையுங்கள் என்றார்கள். ஏதோ விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறாராம். அவர் வந்து போகும்வரை பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிடக் கூடாதாம். எப்படி இருக்கிறது நியாயம்? அந்தப் பெண்கள் ஆபீஸ் வாசலில், உடைமரத்து நிழலில், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

டீ குடிக்க வெளியே வந்த ராமசுப்பிரமணியனிடம் ஒருத்தி, "ஏன்யா, தேடுறாகல்ல?" என்று கேட்டாள். "தேடுறாகம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். டீயை வாங்கினார். குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாரும் தேடல தாயி. நேத்து சாயங்காலமே நிறுத்தியாச்சு. ஒங்க ஆளுகளப் போகச் சொல்லுங்க."

படகு கடைசியாகக் கூப்பிட்ட இடம் எது, காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருந்து படகுகள் போயின. டீசல் கேன்களைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த நாலு பேரையும் உயிரோடு தூக்கி வந்தார்கள். ஆனால் தேடப் போனவர்களில் சூசை என்ற ஒரு மனிதர், அலை தூக்கி அடித்ததில் கடலில் விழுந்தார். அவர் திரும்பி வரவில்லை.

விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ரகசியத்தை வெளியே விட்டாய், அதனால் ஓர் உயிர் போனது. விசாரித்த அதிகாரி ஒன்றும் கெட்டவர் இல்லை. "வாய் தவறி வந்துருச்சுன்னு சொல்லிருங்க சார். ரெண்டு இன்கிரிமென்ட்டோட போயிரும்" என்று அவரே வழி காட்டினார். "வாய் தவறலை சார். தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றார் ராமசுப்பிரமணியன். வேலை போனது, பென்ஷன் போனது, குடியிருந்த குவார்ட்டர்ஸும் போனது. காளீஸ்வரன் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டு மருந்துக்கடையில் நின்றான். பிறகு ராப்பகலாகப் படித்துப் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போனான். அதே அரசாங்கம்தான்.

"அந்த நாலு பேரு உசிரு பெரிசுதான். இங்கனயும் நாலு பேருதான இருக்கோம்?" என்று ஒரு நாள் கனகலட்சுமி கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ராமசுப்பிரமணியன் ஒரு மிக்சியைக் கழற்ற ஆரம்பித்தார்.

வேலை போனதற்கு அவர் வருந்தி யாரும் பார்த்ததில்லை. சூசைதான் அவரை அரித்துத் தின்றார். ஒருமுறை பாம்பனுக்குப் போய், சூசை வீட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கிருந்தே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். "அந்தப் பொம்பள மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்று மாரிச்செல்வியிடம் மட்டும் சொன்னார். ஆனாலும் பாம்பனிலிருந்து கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பஸ் கண்டக்டர் கையில் ஐஸ் போட்ட மீன் வந்துகொண்டுதான் இருந்தது. வேலை கிடைத்த வருஷம் காளீஸ்வரன் போன் போட்டு, இனிமேல் அனுப்பாதீர்கள் என்று கறாராகச் சொன்னான். அதோடு நின்றது. ஏன் நின்றது என்று அவர் கேட்கவே இல்லை.

சாயங்காலம் எடுக்கும்போது தெருவில் முப்பது பேர்கூட இல்லை. பழைய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வந்தவர் எதிர்த்த டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டு, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். பாடை நகரும்போது நெஞ்சில் கை வைத்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

மறுநாள் விடியும் முன்னே அண்ணனும் பெரியப்பாவும் எலும்பு பொறுக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். மாரிச்செல்விக்கு ராத்திரி பூராவும் கண் மூடவில்லை. உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்தார்கள் என்றுதானே அய்யா டீயைக் குடிக்காமல் திரும்பினார்? இப்போது அவர் சாவையே அவர்களிடம் மறைத்தால், என்ன கணக்கு இது? அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கொல்லைப்பக்கம் போய், போனை எடுத்து, 'பாம்பன் சூசை வீடு' என்பதை அழுத்தினாள்.

"யாரு?" பெண் குரல். பின்னால் ஒரே ஆட்கள் சத்தம்.

"நான்... வயர்லெஸ்காரர் மக பேசுறேன். ராமசுப்பிரமணியன் மக. அய்யா எறந்துட்டாக."



"எப்ப எடுக்குறீக?"

"நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு. இன்னைக்கு அஸ்தியக் கரைக்க அந்தப் பக்கம் வாரோம்."

போன் கட்டாகிவிட்டது.

மாரிச்செல்வி மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவே இல்லை. அதானே, புருஷனைக் கடலுக்கு அனுப்பிய மனிதரின் மகள் என்ன முகத்தோடு பேசுவாள், அந்தம்மாதான் எதற்குக் கேட்கவேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படி வாசலில் கனகலட்சுமி நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"நீயும் கூடப் போயிட்டு வா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

கார் ராமநாதபுரம் தாண்டி, மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தில் ஏறியது. அஸ்திக் கலயத்தை மடியில் வைத்து முன்சீட்டில் காளீஸ்வரன் இருந்தான். பெரியப்பா ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏலே காளி, என்னடா இது? இத்தனை படகும் கரையிலேயே நிக்குது? ஸ்ட்ரைக்கா?"

"இன்னைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்குற நாளுங்க" என்றார் டிரைவர். "இந்நேரத்துக்குக் கடல் கொள்ளாம படகு போயிருக்குமே. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரைக்குன்னா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

நீலமும் பச்சையுமாய்ப் படகுகள் வரிசை வரிசையாக நங்கூரத்தில் கிடந்தன. ஓர் எஞ்சின் சத்தம் இல்லை. கடல் வெறிச்சென்று கிடந்தது.

பாலம் இறங்குகிற இடத்தில் ரோட்டோரம் ஓர் அம்மா நின்று, ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை. இவர்கள் காரைக் கண்டதும் குறுக்கே கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஆம்பளைகள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

"வயர்லெஸ்காரர் வீட்டு வண்டியா?"

காளீஸ்வரன் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். முகம் கறுத்திருந்தது. "நீ சொன்னியா?" என்றான். பிறகு அவனே, பெரியப்பா காதில் விழட்டும் என்பதுபோல, "வாய் தவறிச் சொல்லிட்டியா?" என்றான்.

"இல்லண்ணே. தெரிஞ்சேதான் சொன்னேன்."

காளீஸ்வரன் மடியிலிருந்த கலயத்தைப் பார்த்தான். அந்த வார்த்தை அவனுக்கும் தெரியாததல்ல. கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"நான்தான் சவேரியம்மா. சூசை பொஞ்சாதி" என்றாள் அவள், மாரிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு. "போன வச்சிட்டேன்னு கோவிச்சுக்கிராத தாயி. டோக்கன் வாங்கி ஐஸ் ஏத்துற நேரம். நாலு படகு எஞ்சினே போட்டாச்சு. ஓடிப்போய் நிறுத்தணும்ல?"

மாரிச்செல்வி கரையில் நின்ற படகுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊர்ல ஒரு சாவுன்னா நாங்க கடல்ல எறங்க மாட்டோம். கேட்ட அன்னைக்கு எறங்க மாட்டோம்."

"அய்யா உங்க ஊர் இல்லையேம்மா" என்றான் காளீஸ்வரன் மெதுவாக.

"யாரு சொன்னது?" என்றாள் சவேரியம்மா.

மாரிச்செல்வி உடைந்துபோனாள். "உங்களப் பாக்கத்தான் அய்யா பயந்தாக. ஒரு தடவ தெருமுனை வரைக்கும் வந்துட்டு..."

"தெரியும். மாடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கூப்புடத் தோணல, அன்னைக்கு எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு." அவள் மூக்கைச் சிந்தினாள். "அவரு சொன்னது சேதி தாயி. போனது எங்க ஆளுக. சொல்லாம இருந்திருந்தா நாலும் போயிருக்கும், தேடுறாக தேடுறாகன்னு நாங்க வாசல்லயே ஒக்காந்திருப்போம். எங்க வீட்டுக்காரரு இருந்தா இந்நேரம் மொத ஆளா இங்கன நின்னுருப்பாரு."

அன்றைக்கு இறங்கியது ஒரே ஒரு வள்ளம்தான். காப்பாற்றப்பட்ட நாலு பேரில் ஒருவரான சந்தியாகு அதை இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். காளீஸ்வரன் பேண்ட்டைக்கூட மடிக்காமல், கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தான். படகுகளில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கவில்லை.

"மீன அனுப்ப வேணாம்னு சொன்னது நான்தாண்ணே" என்றான் காளீஸ்வரன்.

"தெரியும் தம்பி" என்றார் சந்தியாகு. "பிடிச்சு ஏறுங்க, வழுக்கும்."

மாரிச்செல்வியும் ஏறி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கலயத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். கரையில் பெரியப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வள்ளத்தின் கயிற்றைப் பிடித்திருந்தவள் சவேரியம்மா. சூசை போனதிலிருந்து அவள் கடலில் காலை நனைத்ததில்லை என்று சந்தியாகு சொன்னார். இப்போது முழங்கால் வரை சேலை நனைய நின்றிருந்தாள்.

"விடு மதினி" என்றார் சந்தியாகு.

அவள் இன்னும் இரண்டு எட்டு கூடவே நடந்தாள். பிறகு விட்டாள். கயிறு தண்ணீரில் விழுந்து, வள்ளத்தின் பின்னாலேயே, நின்றுகொண்டிருந்த படகுகளுக்கு நடுவே இழுபட்டுப் போனது.