வைரவர் ஏறிய உயரம்

கோடை நெல்லான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த அன்று பொறியியலாளர் சுதாஜினி புதுச் சேலையில் வந்திருந்தாள். அவள் கட்டுவித்த முதல் வாய்க்கால் அது. முள்ளியவளைப் பக்கத்து அந்தக் குளம் நிரம்பிக் கிடந்தது. ஒரு மழையை நம்பி விதைத்த நெல்லோ வயலில் வாடத் தொடங்கியிருந்தது.

குளத்து மதகான துருசைத் திறந்தார்கள். சீறி வந்த தண்ணீர் கொங்கிறீட் வாய்க்காலின் வாசலில் முட்டி, ஏற முடியாமல் பக்கத்துப் பற்றைச் செடிகளுக்குள் போய்விட்டது. வாசல் ஒன்றரை அடி உயர்ந்து நின்றது. கட்டும்போதே அது எல்லாருடைய கண்ணிலும் பட்டதுதான். மூன்று காலில் நின்று மட்டம் பார்க்கும் கருவி சொன்னதை யார் மறுப்பார்கள்?

சுதாஜினி கணக்கைத் திரும்பப் போட்டாள், சரி. கருவியைச் சோதித்தாள், அதுவும் சரி. நீருக்குள் கிடந்த துருசின் உயரத்தைப் பழைய வரைபடத்தில் எடுத்திருந்தாள். வாய்க்காலை மட்டும், ஊரின் உயரங்களையெல்லாம் கணக்கிட அந்தக் காலத்தில் நட்ட அளவைக் கல்லிலிருந்து அளந்திருந்தாள். கல்லடிக்கு ஓடினாள்.

அந்தக் கல் ஊராருக்கு வைரவராகி, பொட்டும் மாலையுமாக, மாபிள் பதித்த மேடையில் வீற்றிருந்தது. அளக்க வந்த நாளில் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் அளவுகோலை அதன் தலையில் வைத்தாள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. மேடை எப்போது வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

"மாரியில வைரவரின்ர கால் நனையுது எண்டு போன வருசம்தான் ஒண்டரை அடி தூக்கி வைச்சனாங்கள், மிஸ்," என்றார் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் அப்புத்துரை, பெருமையாக.

மேலதிகாரி தொலைபேசியில் பதறவேயில்லை. "கல்லைப் பழையபடி இறக்குங்கோ. ஊராக்கள் கல்லை அசைச்சதாலதான் பிழை எண்டு எழுதுவம். கணக்குச் சரியாயிடும்."

"தண்ணி வராது, சேர்."

"அறிக்கையில தண்ணி ஓடுறேல்லைத்தானே, பிள்ளை."

அவள் ஆத்திரத்தோடு தொலைபேசியை வைத்தாள். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. ஆனாலும் காத்திருந்த விவசாயிகளின் முன்னால் வந்து நின்றாள். "இப்போதைக்கு மோட்டரால இறைச்சு வாய்க்காலுக்குள்ள விடுவம், பயிர் தப்பும். பிறகு வாய்க்காலை உடைச்சு, இறக்கிக் கட்டித் தருவன்."

அப்புத்துரை கலங்கிப்போய்க் கையைப் பிசைந்தார். "அப்ப எங்கட வைரவராலயோ மிஸ் இவ்வளவும்?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை, ஐயா. பிழை விட்டது நான்."