நூற்றுப் பதினெட்டு ஆணிகள்

காலை ஏழரைக்கே மண்டபத்துக்குப் போய், மேடையின் ஓரத்தில் ஆணிக்கட்டைகள் மூன்றையும் கதிரைகளின் மேல் நிறுத்திவிட்டேன். ஆணிக்கட்டை கடையில் வாங்குகிற சாமான் இல்லை. என் பப்பா பிரடெரிக் தச்சு வேலைக்காரர். பதினொரு வருடங்களுக்கு முன்னர் ஒரு கௌரவிப்பு விழாவில் பதக்க நாடாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிரதம அதிதி கையை நீட்டியபடி நிற்க, நான் மேசைக்கடியில் குந்தியிருந்து சிக்கெடுத்தேன். வீட்டில் வந்து அதைச் சொல்லி அழுத அடுத்த வாரமே பப்பா நீளமான சட்டங்களில் வரிசையாக ஆணி அடித்துத் தந்தார். ஓர் ஆணிக்கு ஒரு பதக்கம். ஆணிக்கு மேலே ஒட்டிய துண்டில் பிள்ளையின் பெயர். ஒவ்வொரு வருடமும் பட்டியல் முடிந்ததும் தேவையான ஆணிகளை மட்டும் விட்டு மிச்சத்தைப் பிடுங்கச் சொல்லுவேன். வெற்று ஆணியைக் கண்டால் யாரோ விடுபட்டுப்போன மாதிரி எனக்குப் பொறுக்காது. இந்த வருடம் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள், நூற்றுப் பதினெட்டு ஆணிகள்.

எங்கள் வலயக் கல்விப் பணிமனையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பட்டியல் தட்டச்சு செய்கிறவள் நான்தான். ஐந்து பணிப்பாளர்களைக் கண்டுவிட்டேன். வந்த ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் சொல்லுவது ஒன்றுதான்: "நதாலியிட பட்டியலில பிழை வராது." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் இந்த விழாவில் எனக்குப் பிடித்தது என் பட்டியல் இல்லை, பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவள் நான். கணித ஒலிம்பியாட்டில் மாகாணத்தை முந்திய பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, பின்னல் மடித்துக் கட்டி, சப்பாத்துக்கு வெள்ளை பூசி, எதுவுமே நடக்காத மாதிரி அப்பம் தின்றுகொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும். கதிரவெளியிலிருந்து கட்டுரைப் போட்டிக்குப் போன பிள்ளை, வீட்டில் மேசை இல்லாமல் கவிழ்த்த மீன்பெட்டியில் வைத்து எழுதிப் பழகியதாம். அதை அந்தப் பிள்ளை சொல்லவில்லை, அதிபர் சொன்னார். பிள்ளை வெட்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றது. அதிதிகளின் உரைகளை நான் கேட்பதில்லை. இந்த முகங்களைப் பார்ப்பதற்குத்தான் வருடா வருடம் முதல் ஆளாக வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வலயத்தில் பதக்கத்தை அதிதி அணிவிப்பதில்லை. அதிதி எடுத்துக் கொடுப்பார். பிள்ளையின் தாயோ தகப்பனோ மேடைக்கு வந்து பிள்ளையின் கழுத்தில் போட வேண்டும். முன்பிருந்த பணிப்பாளர் ஒருவர் தொடக்கி வைத்த வழக்கம். அதனால்தான் வாகரைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருகிறார்கள்.

அப்படி வந்தவர்தான் கதிர்காமத்தம்பி. பனிச்சங்கேணிக்காரர், வாவியில் வலை போடுகிறவர். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் எங்கள் அழைப்பிதழைத் தண்ணீர் படாத பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே மகள் இந்தக் காயிதம் அனுப்பின?"

"ஓம், ஐயா."

"என்ர மகன் ரதீஸிர பேரையும் மறக்காமப் போட்டிரிக்கீங்க. நான் நினைக்கல்ல. நீங்க நல்லாரிக்கணும்."

மறக்காமல் என்று ஏன் சொல்கிறார் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பெற்றோருக்கான முன்வரிசையைக் காட்டி அனுப்பினேன். அகில இலங்கை விஞ்ஞான வினாடி வினாவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஒருவன் ரதீஸ். இவ்வளவு தூரம் எங்கள் வலயத்திலிருந்து ஓர் அணி போனது இதுதான் முதல் தடவை. மூன்று பேர் கொண்ட அணி, ஒரு மேலதிகர், அதாவது மூவரில் ஒருவருக்கு வர முடியாவிட்டால் இறங்குகிற றிசேவ். அந்தச் சிறிய பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்று இருப்பது ஓர் அலுமாரி மட்டும்தான். அந்தப் பதக்கங்கள் மூன்றையும் எல்லாருக்கும் தெரியட்டும் என்று முதல் கட்டையின் நடுவில் மாட்டியிருந்தேன்.

விழா தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த அணியின் தலைவி கம்சாயினி வந்தாள். மெலிந்த பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். பெயர்த்துண்டுகளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், நிருஷாட பேர் எங்க?"

"நிருஷா ஆர்?"

அவள் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காட்டினாள். கழுத்துப் பட்டிக்கு மேலே, கறுப்புக் கயிற்றில் நிறுத்தற் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தது அந்தப் பிள்ளை.

"இவதான் எங்கட றிசேவ், மிஸ். ஆனாக் கொழும்பில விளையாடினது இவ. போறதுக்கு ஒம்பது நாளைக்கு முந்தி ரதீஸுக்கு அம்மாள் வருத்தம் வந்திட்டு."

ரதீஸைப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் கொப்புளங்கள் ஆறிய தழும்புகள் இன்னும் மங்கவில்லை. நான் கோவையைத் திறந்தேன். மேலே இருந்தது ஜனவரியில் பள்ளிக்கூடம் அனுப்பிய விண்ணப்பம். அதைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதற்குக் கீழே கொழும்பிலிருந்து வந்த முடிவு. அதில் தெளிவாக நிருஷாவின் பெயர். அந்தத் தாளை நான் புரட்டவே இல்லை. அவர்களைப் பழக்கிய ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் நின்றதால், சரிபார்க்க அனுப்பிய பட்டியலும் அப்படியே திரும்பி வந்திருந்தது. அழைப்பிதழில் ரதீஸின் பெயர். சான்றிதழில் ரதீஸின் பெயர். கதிர்காமத்தம்பி எனக்கு நன்றி சொன்னது என்னுடைய பிழைக்கு.

திரைச்சேலையை விலக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் கதிர்காமத்தம்பி முதுகை நிமிர்த்தி இருந்தார். பக்கத்துக் கதிரையில் நிருஷாவின் தாய் புஸ்பம், அழைப்பிதழ் போகாவிட்டாலும் மகள் விளையாடியதால் வந்திருந்தார். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிறவர் என்று கம்சாயினி சொன்னாள். இருவரும் ஒரே ஒழுங்கை, ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். ஒரு பதக்கத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

"கடைசிக் கேள்விக்கு விடை சொன்னது நிருஷாதான், மிஸ்," என்றாள் கம்சாயினி. "வாவியில வளர்ற இறால் முட்டை போடுறது எங்கயெண்டு. கடலில எண்டு இவ சொன்னா. அதாலதான் எங்களுக்கு ரெண்டாம் இடம்."

"அது ரதீஸ் கேட்டுத் தந்த கேள்வி," என்றாள் நிருஷா. முதல் தடவையாக வாய் திறந்தாள். "வீட்டுக்குள்ள போகேலாதுதானே, வேப்பிலை கட்டியிருந்த. நான் வேலிக்கு இஞ்சால நிப்பன். இந்த மணிக்கூட்ட எறிஞ்சி குடுப்பன். அவன் யன்னலால கேள்வி கேட்டு நேரம் பார்ப்பான். ஒம்பது நாளும்."

மேலதிகராக இருப்பவர்தான் அந்தக் கடிகாரத்தைக் கழுத்தில் போட்டு நேரம் பிடிக்க வேண்டுமாம். அது அவர்களுடைய சட்டம்.

நான் செய்தது வெட்கப்பட வேண்டிய காரியம். பெரிய மனுசியாக ஒரு முடிவெடுக்காமல், "மெடல் மூண்டுதான் இரிக்கி. இன்னொண்டு மறுகாச் செஞ்சி தரலாம். இண்டைக்கு ஆருக்குக் குடுக்கிற எண்டு நீங்களே சொல்லுங்க," என்று அந்தப் பிள்ளைகளின் தலையில் கட்டிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கம்சாயினி முகம் சுளிக்கவில்லை. "அரை நிமிசம் தாங்க, மிஸ்," என்றாள்.

நிருஷா கடிகாரத்தை அமத்தினாள். நாலு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. போட்டி மேடையில் அப்படித்தான் கூடிப் பேசுவார்களாக்கும். கிதுர்ஷன் என்ற மூன்றாவது பிள்ளை என்னவோ சொன்னான். ரதீஸ் தலையாட்டி மறுத்தான். நிருஷா அழப்பார்த்தாள், அழவில்லை. கடிகாரம் கீச்சென்றது. நிமிர்ந்தார்கள்.

பேசியவன் ரதீஸ். "மெடல் நிருஷாக்கு, மிஸ். விளையாடினது அவதானே. எனக்கெண்டு இன்னொண்டு செஞ்சா அது பொய் மெடல், வேணாம். கொழும்பில நான்தான் றிசேவ். றிசேவ் எண்டு என்ர பேரை வாசிச்சாப் போதும்." திரைச்சேலைப் பக்கம் பார்த்தான். "அப்பாவ மட்டும் மேடைக்குக் கூப்பிடுங்க. அந்த நீல சேட்ட நாலு நாளா அயன் பண்ணி வச்சிரிக்கார்."

பதினைந்து வயது. என் வயதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தப் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகப் பேனையை எடுத்து, ஆணிக்கு மேலிருந்த துண்டில் ரதீஸ் என்ற பெயரை வெட்டி நிருஷா என்று எழுதினேன். பதினொரு வருடத்தில் என் துண்டொன்றில் விழுந்த முதல் வெட்டு.

அறிவிப்பாளர் உதயரூபன் சேர் ஆசிரிய ஆலோசகர். வெண்கலக் குரல், அது அவருக்கும் தெரியும். திருத்திய தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "மேலதிகர் எண்டு வாசிக்கிற வழக்கம் இல்லையே, நதாலி."

"இண்டைக்கு வாசிங்க, சேர். பிழை என்ர."

பிழை என்ற சொல்லை நான் என்னைப் பற்றிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

விழா தொடங்கியது. ஒவ்வொரு பதக்கமாக ஆணியிலிருந்து கழன்று அதிதியின் கைக்குப் போனது. தாய்மார் பின்னலில் நாடா சிக்காமல் போட்டார்கள். சில தகப்பன்மார் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டார்கள். கணித ஒலிம்பியாட் பிள்ளையின் தகப்பன் பதக்கத்தைப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மகளுக்கே கும்பிடு போட, மண்டபம் சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் மனம் முழுக்க நடுவில் தொங்கிய அந்த மூன்றில்தான் இருந்தது.

"அகில இலங்கை விஞ்ஞான வினாடி வினா, இரண்டாம் இடம்," என்றார் உதயரூபன் சேர். மண்டபம் எழுந்தே நின்றுவிட்டது. கம்சாயினியும் கிதுர்ஷனும் ஏறினார்கள். அடுத்து நிருஷா. புஸ்பம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, மகளின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். இறால் குத்திக் கீறிய விரல்கள். கீழே கதிர்காமத்தம்பி கைதட்டவில்லை. பொலித்தீன் உறைக்குள்ளிருந்த அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதயரூபன் சேர் மூச்செடுத்தார். "இந்த அணியின் மேலதிகர். செல்வன் கதிர்காமத்தம்பி ரதீஸ்."

அவ்வளவு கம்பீரமாக அவர் எந்த முதலிடத்தையும் வாசித்ததில்லை. ரதீஸ் ஏறினான். கதிர்காமத்தம்பி அழைப்பிதழைக் கதிரையில் பத்திரமாக வைத்துவிட்டு ஏறி வந்தார். அதிதி வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரைப் பற்றி யோசித்தேன். தகப்பனின் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அடுத்த ஆணியில் தொங்கியது வேறொரு பிள்ளையின் பதக்கம். அதிதியின் கை காற்றில் நின்றது. கதிர்காமத்தம்பி அந்த வெறுங்கையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். கைதட்டல் மெல்ல மெல்ல அடங்கியது. இத்தனை வருடத்தில் எத்தனை அணிகள், எத்தனை மேலதிகர்கள். ஒருவருக்குக்கூட நான் ஓர் ஆணி விட்டதில்லை. இருந்த ஆணியையும் பிடுங்கச் சொன்னவள் நான்.

நிருஷா கழுத்தில் கை வைத்தாள். பதக்க நாடாவும் கடிகாரத்தின் கறுப்புக் கயிறும் சிக்கியிருந்தன. அவசரப்படாமல் தலையைச் சரித்து, ஒரு கையால் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கயிற்றைப் பிரித்தெடுத்தாள். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றிய கடிகாரத்தை அவள் அதிதியிடம் கொடுக்கவில்லை. நேராகக் கதிர்காமத்தம்பியிடம் நடந்தாள்.

"மாமா, இது ரதீஸிர."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "என்ன மனே இது?" என்று மகனிடம் மெல்லக் கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"றிசேவிர மணிக்கூடு, அப்பா. எங்கட ரீம்ல இரிக்கிற ஆக்களுக்குத்தான் தாற."

கதிர்காமத்தம்பி கயிற்றை விரித்து, மகனின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்ப் போட்டார். அது நெஞ்சில் மறுபக்கம் திரும்பிக் கிடந்தது. வலையில் ஒரு கண்ணைச் சரிபார்க்கிற பக்குவத்தோடு, முகப்பு வெளியே தெரியும்படி அதைத் திருப்பி வைத்தார். பிறகுதான் கையை எடுத்தார். கைதட்டல் மறுபடியும் எழுந்தபோது அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நின்றார்.

இறங்கும்போது ரதீஸ் என் கட்டைகளைக் கடந்து போனான். சிக்கெடுக்கும்போது நிருஷாவின் விரல் பட்டிருக்க வேண்டும், கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி, பதின்மூன்று, பதினான்கு. அவன் குனிந்து அதைப் பார்த்தான். நிறுத்தாமல், தகப்பனுக்குப் பின்னால் படியிறங்கிப் போனான்.