டாக்டர் சொன்ன டிக்ளைன்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. சுமக்க முடியாமல் சுகிர்தா என்று ஒருத்தியை உண்டாக்கி அவள் வாயில் வைத்துவிட்டேன். பி.காம்., வீட்டின் முதல் பட்டதாரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆபீஸ் வேலை. திங்கள்தோறும் ரிப்போர்ட்டில் டைப் அடிப்பாள்: உற்பத்தி டிக்ளைன், ஆர்டர் டிக்ளைன். அந்தச் சொல்லால் அதுவரை யாரும் செத்ததில்லை.

2
(முதலில் எழுதிய தொடக்கம்: "பொன்னேரி வயல்களில் அந்தி சாய, அப்பா தாவீதின் உயிரும்..." சீ. இருபது வருஷம் இரும்பு உருக்கும் கம்பெனியில் புகை தின்ற மனுஷன். அந்தி எங்கே வந்தது?)

3
ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் சுகிர்தாவிடம் மட்டும், ஆங்கிலத்தில் பேசினார். "ஸ்டெடி டிக்ளைன்." வீட்டில் சொல்லிவிடச் சொன்னார். போய்விட்டார்.

அம்மா ஆரோக்கியமேரி அவள் கையைப் பிடித்தாள். "இன்னாடி சொல்றாரு? பரபரன்னு பேசிக்கினு போறாரு?"

"தேறிக்கினு வராராம்."

"நெசமாவா? நான் ஃபாதரக் கூட்டியாந்து அவஸ்தைப்பூசுதல் குடுத்துர்லாம்னு..."

(சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பது. அம்மாவுக்கு அதுதான் மோட்சத்துக்கு டிக்கெட்.)

"எண்ணெய் பூசி நீயே அனுப்பி வெச்சிரு! படிச்சது நானா, நீயா?"

"சரிங்க மேடம்." அம்மா சிரித்துக்கொண்டே நாஷ்டா வாங்கப் போனாள்.

மறுநாள் தாவீது இறந்தார். எண்ணெய் பூசாமல்.

4
டிக்ளைன் என்றால் சரிவு, நலிவு, தேய்வு; மறுப்பதற்கும் அதே சொல்தானாம். அகராதி முழுக்கத் தேடினேன். [வராந்தாவில் நிற்கிறவளுக்கு ஒன்றும் உதவாது. "சாகப்போறாரும்மா" போதும். அதற்குப் பட்டம் தேவையில்லை.]

டாக்டர் அம்மாவிடமே சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியும். நர்ஸைத் தமிழில்தான் திட்டினார். இந்தக் கோபத்தை மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நான்... அதாவது சுகிர்தா...

5
அம்மா இப்போதும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சொல்கிறாள்: "ஏசப்பா, நான்தான் ஃபாதரக் கூட்டியாராம உட்டேன். எம்மேலதான் தப்பு." பக்கத்தில் நிற்கும் மேடம் சுடர் அணையாமல் கையால் காற்றை மறைக்கிறாள்.

6
முடிவு ஒன்று: சுகிர்தா உண்மையைச் சொல்கிறாள். அம்மா செருப்பைக் கழற்று...

முடிவு இரண்டு: "எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்கிறாள் அம்மா. இதை எழுதி, அழுது, அடித்துவிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மன்னிப்பு அது.

மூன்றாவது உங்களுடையது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கதையைக் கொடுத்தால், "இன்னாடி போட்டுக்குது?" என்று என்னிடம்தான் கேட்பாள். நான் மறுபடியும் மாற்றிவிடுவேன். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.