ஐந்து மணி பஸ்

எட்டு வயதில் நான் பாதியில் விட்டு வந்த படம், எனக்கு இருபத்தொரு வயதானபோது மறுபடியும் புதுக்கோட்டைக்கு வந்தது. சுவரொட்டியை முதலில் பார்த்தது ஆத்தாதான். சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அந்தக் கப்பல் படம் வந்திருக்குடி" என்றாள்.

அதற்கு மறுநாள் பெரியப்பா வந்தார்.

அப்பா பினாங்குக்குப் போனது நாற்பத்தெட்டில். கடைசிக் கடிதம் வந்தது ஐம்பதில். பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாதவரை இறந்தவராகவே கொண்டு, தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து கொள்ளி வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கே மனைவியின் தாலியும் இறங்கிவிடும்.

"ஆடி அமாவாசைக்குச் செஞ்சிருவோம் தாயி. எந்தம்பிதான், எனக்கு மட்டும் ஆசையா? எத்தனை நாளைக்கு அவனை அலைய விடுறது?" என்றார் பெரியப்பா.

ஆத்தா முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒரு படம் பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேன்."

"படமா?" பெரியப்பா என்னைப் பார்த்தார். "என்ன புள்ள, ஒங்க ஆத்தாளுக்கு என்னமும் ஆயிருச்சா?"

அந்தப் படம் என்ன சொல்லப்போகிறது என்று எனக்கும் பயமாக இருந்தது.

நாற்பத்தொன்பதில் அப்பாவுக்குக் கடிதம் போடத்தான் புதுக்கோட்டைக்குப் போனோம். பெரிய தபாலாபீசில் போட்டால் சீக்கிரம் சேரும் என்பது ஆத்தாவின் எண்ணம். திரும்புகிற வழியில் கொட்டகை வாசலில் கப்பல் படம் போட்ட தட்டி நின்றது. ஆத்தா அதையே பார்த்தபடி நின்றாள். பிறகு உள்ளே போனோம். படத்தில் புருஷன் கப்பலேறிப் போகிறான். பெண்டாட்டி தினமும் கடற்கரையில் விளக்கேற்றி வைக்கிறாள். எங்கள் ஊர் இருக்கிற அன்னவாசல் பக்கம் போக அப்போது கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்த நேரத்தில் ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

கொட்டகையில் வாங்கிய பாட்டுப் புத்தகத்திலும் கதை பாதிதான் இருந்தது. மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு வாரம் ஆத்தா சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரையாவது கேட்டு வரச் சொன்னாள். நான் யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து, "வந்துட்டானாம் ஆத்தா!" என்றேன். பச்சைப் பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான், கையில் கிளிக்கூண்டு இருந்தது, பெட்டிக்குள் சிவப்புச் சேலை இருந்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சைப் பெட்டி எப்படித் தெரிந்தது என்று ஆத்தா கேட்கவில்லை. அன்று இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, மனசு சரியில்லாத நாளிலெல்லாம் அந்த முடிவைச் சொல்லச் சொல்வாள்.

நூலகத்தில் நான் எடுப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள்தான். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பனி கொட்டுகிற அந்த ஊர்களில் ரயிலேறிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. இதன் முடிவையும் முன்னாலேயே தெரிந்துகொள்ள, சனிக்கிழமை நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தேன்.

எட்டு வயதில் நான் கண்ணைப் பொத்திக்கொண்ட புயல், யாரோ இரண்டு பேர் பிடித்து ஆட்டிய துணியாகத் தெரிந்தது. கப்பல் தொட்டித் தண்ணீரில் மிதந்தது. சிரிப்புக்கூட வந்தது. ஆனால் கடைசியில் அந்தக் கப்பல் கரைக்கு வந்தது. அவனுடைய பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. அவள் கையிலிருந்த விளக்கைத் தானே ஊதி அணைத்தாள். படம் முடிந்து, கூட்டுகிறவர் வந்து எழுப்பும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆத்தா அடர்பச்சைச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். கடைசியில் மயக்கம் வருகிறது என்று சொல்லி அவளை வெளியே கூட்டிவந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பொய்யை ஆரம்பித்தவள் நான்தானே.

பெண்கள் பகுதியில் எங்களுக்குப் பின்னால் பொன்னுத்தாய் என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். "நான் இதோட நாலாவது தடவை. ஏன் தெரியுமா? எங்க வீட்டுக்காரரு செத்தப்பக்கூட இம்புட்டு அழுகலை, இந்தக் கடைசிக் கட்டத்துல..."

"முறுக்குச் சாப்பிடுறீங்களா?" என்று பொட்டலத்தை அவள் கையில் திணித்தேன்.

"முழுசாத் தர்றியே! நல்ல புள்ளையா இருக்கே. கல்யாணம் ஆயிருச்சா?"

அதற்குமேல் அவள் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரையில் விளக்கு எரிந்தது. தூரத்தில் அந்தக் கப்பல் தெரிந்தது. மயக்கம் என்று சொல்ல நான் வாயைத் திறக்கும் முன் ஆத்தா எழுந்து நின்றாள்.

"உக்காருங்கத்தா, மறைக்குது! இனிமேத்தானே படமே இருக்கு!" என்றாள் பொன்னுத்தாய்.

"பஸ் போயிரும்" என்றாள் ஆத்தா.

இப்போது ஆறு மணிக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று என்று பஸ் இருக்கிறது. அது ஆத்தாவுக்கும் தெரியும். சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு கால்களைத் தாண்டித் தாண்டி அவள் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

ஐந்து மணி பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கோகர்ணம் தாண்டியதும் சொன்னாள்.

"நேத்து நீ லைப்ரரிக்குப் போகலை."

"ஆத்தா..."

"புத்தகம் இல்லாம வெறும் பையோட வந்தே. மூஞ்சி வீங்கியிருந்துச்சு. எல்லாத்தையும் நான் ஒம் மூஞ்சியிலயே பாத்துட்டேன். திரையில வேற எதுக்குப் பாக்கணும்?"

"சின்னப் புள்ளையில நான் சொன்னது..."

"தெரியும்டி. அப்பவே தெரியும்." வெளியே பார்த்தபடியே சொன்னாள். "பொய்யின்னு தெரிஞ்சுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

கண்டக்டர் வந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆத்தா சேலைக்குள் கையை விட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பாகிட்டச் சொல்லிரு. அமாவாசைக்குச் செய்யட்டும்."

அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். பூ வாடியிருந்தது.

"ஊரு வர்றதுக்கு இன்னம் நேரமிருக்கு. அந்தக் கதையைச் சொல்லு."

"எந்தக் கதை?"

"நீ சொல்றதுதான்."

கப்பல் கரைக்கு வந்தது என்று ஆரம்பித்தேன். அவன் முதல் ஆளாக இறங்கினான், தலையில் பச்சைப் பெட்டி இருந்தது, இவள் ஓடினாள் என்றேன். பெட்டியைத் திறந்தால் சிவப்புச் சேலை இருந்தது என்றேன். அதற்குமேல் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன்.

ஆத்தா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "கிளிக்கூண்டை விட்டுட்டியே" என்றாள்.