வட்டத்தில் விடுபடாத பெயர்

மொண்டேவிடியோவில் அந்த மருத்துவமனையின் பெரிய கணினி ஒரு மாதமாகக் காலை பதினொரு மணிக்கெல்லாம் திணறி நின்றது. நினைவகம் போதவில்லை. நாளைக்குள் சரியாகாவிட்டால் புறநகர் நிலையங்களின் முனையங்களைத் துண்டிப்பதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். அப்புறம் மருத்துவரைப் பார்க்க நாள் குறிப்பதற்கே தாய்மார்கள் கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வர வேண்டும்.

அந்த இணைப்புகளைக் கொடுத்தவர்கள் கணினிப் பிரிவில் சேர்ந்து வேலை பார்த்த மிர்த்தாவும் அவள் கணவர் டிமாஸும்தான். அவரைப் புதைத்து, துக்க விடுப்பு முடிந்து, இந்த வாரம்தான் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். துண்டிக்க விடுவதில்லை என்று வந்த அன்றே தீர்மானித்துவிட்டாள்.

யார் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள். கணினிக் கூடத்தில் அன்று வந்திருந்தவர்கள் நாற்பது பேர். பட்டியலில் அறுபது பெயர்கள். கூடத்தின் பழைய ஊழியர் எல்பியோவின் உபகாரம் அது. ஆறு மணிக்கே வந்துவிடும் அவர், எல்லாருடைய கடவுச்சொல்லும் அறிந்தவர். விடுப்பில் இருப்பவர்களின் பெயரையும் சேர்த்துக் கணினிக்குள் நுழைத்துவிட்டுத்தான், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே குடுவையில் மாறி மாறிக் குடிக்கும் மாத்தே தேநீருக்கு வெந்நீர் வைப்பார்.

"மெஷினுக்கு வயிறு வெடிக்குது, நீங்க இன்னும் பந்தி விரிச்சுக்கிட்டே இருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே, வராதவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினாள். அப்படியும் பாதி இடம்கூடத் திரும்பவில்லை.

பட்டியலின் அடியில் டிமாஸ் என்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கு நினைவகம் அந்தப் பெயரிடம். அவர் பெயரில் நுழைந்தாலே அவருடைய நோய்க் கணக்கெடுப்பு தானாக ஓடத் தொடங்கும். பத்து மணிக்கு அவரே அதை மூடுவார். இப்போது மூட ஆளில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்பியோ மாத்தேக் குடுவையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சுத்துல உக்காந்தவன விட்டுட்டு அடுத்தவனுக்கு ஊத்துறது எனக்குப் பழக்கமில்ல, மிர்த்தா. பதினாறு வருஷம் அவன் பேர்லதான் ஆரம்பிச்சேன்."

"தெரியும். நாளைக்கு ஆரம்பிக்காதீங்க. அவர் வேலைய நான் ராத்திரி மெஷின் சும்மா இருக்கறப்ப ஓட்டிக்கறேன்."

டிமாஸை வெளியேற்றும் கட்டளையைத் தட்டினாள். நிஜந்தானா என்று கணினி ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

பதினொன்று ஆனது. எதுவும் நிற்கவில்லை. பதினொன்றே காலுக்கு செர்ரோ நிலையத்திலிருந்து ஒரு பதிவு வந்தது: எட்டு மாதப் பெண் குழந்தை, இருமல், செவ்வாய்க்கிழமை காலை.

மிர்த்தா குடுவைக்குக் கை நீட்டினாள். எல்பியோ ஊற்றினார்.