பவளத்துக்கு ஹை பீம்

ஞாயிற்றுக்கிழமை பூம்பாறை ராஜமுருகன் வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் தொட்டியில் இருக்கும் மென்பவளம், விரல் விரலாக நீட்டுகிற அந்தக் கடலுயிர், விரிந்தாக வேண்டும். ஜென்சிக்கு அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

கொடைக்கானல் குளிரில் உட்கார்ந்துகொண்டு எவளாவது கடல்தண்ணீர்த் தொட்டி வைப்பாளா? ஜென்சி வைத்தாள். ஹீட்டர் போட்டாள், உப்பு கலந்தாள், இரண்டு பவளங்களைச் சாகவும் கொடுத்தாள். "மூணாவதும் செத்தா தொட்டிய யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று வீறாப்பாகச் சொன்னதும் அவள்தான். வாய் சும்மா இருந்தால்தானே! புருஷன் டிக்சன் அன்றைக்கே ராஜமுருகனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இது விரியாவிட்டால் தொட்டி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டான். அவருக்குத் தங்கமீன் வளர்க்க ஆசை.

முதல் இரண்டு சாவும் டிக்சன் கணக்கு. சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன் அவன். "மூடுபனியையே கிழிச்சிக்கிட்டுப் போற லைட்டு, ஒரு சாண் தண்ணியக் கிழிக்காதா?" என்று ஜீப்பின் மஞ்சள் விளக்கைக் கழற்றிப் பழைய பேட்டரியோடு தொட்டிமேல் மாட்டிவிட்டான். அந்த வெளிச்சத்தில் பாசிதான் கொழுத்தது. கடலுக்குள் ஆழமாக இறங்குவது நீல வெளிச்சம், பவளம் வயிறு வளர்ப்பதே அதை வைத்துத்தான் என்று ஜென்சி பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டாள்.

இந்தத் தடவை மதுரையிலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த எல்.இ.டி. விளக்கு வந்தது. "நல்லா சாப்புடு, செல்லம்!" என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை முழுசாகத் திருப்பி வைத்தாள். வெயிலைக் கண்டால் துணி, மெத்தை, தலையணை எல்லாவற்றையும் வாசலில் போடுகிற ஊர்க்காரிக்கு, வெளிச்சத்தை அளந்து கொடுக்கவா தெரியும்? பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு கருவாட்டுத் துண்டு மாதிரி கிடந்தது.

வியாழக்கிழமை சவாரி முடிந்து உள்ளே நுழைந்த டிக்சன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"என்னடி இது! எதுத்தாப்ல வர்றவனுக்கு இப்பிடி ஹை பீம் அடிச்சா அவன் கண்ண மூடாம என்ன செய்வான்? டிம் போடு புள்ள!"

திட்ட வாயெடுத்த ஜென்சி அப்படியே நின்றாள். அட, ஆமாம்! கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்துவதுதானே மலைப்பாதை மரியாதை. கண்ணில்லாத உயிருக்கு மட்டும் அது வேண்டாமா? ஓடிப்போய்க் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினாள், விளக்கையும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை பவளத்தின்மேல் மெல்லிய தோல் உரிந்து மிதந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஜென்சி அழுதே விட்டாள்.

ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பியவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"என்னக்கா, காட்டுமாடு உள்ள வந்துருச்சா?"

"விரிஞ்சிருச்சுடி! இங்க பாரு, ஒவ்வொரு வெரலா பாரு! நேத்து உரிஞ்சது பழைய சட்டைடி!"

தண்ணீருக்குள் அத்தனை விரல்களும் நீட்டி மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. ஜென்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்துச் சாக்கும் கயிறுமாக ராஜமுருகன் வந்து நின்றார். ஜென்சி தொட்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். டிக்சன் அவளைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆள் குடியிருக்கையில வீட்ட எப்பிடிக் காலி பண்ணச் சொல்றது?"